அஞ்சுக்கு ஆறு

“அக்கா, அஞ்சு இருக்கா?”

அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். துணி மூட்டையைக் கீழே இறக்குவதற்கு முன்பே கேட்பார்கள். சௌக்கியமா, மழை விடுமா என்பதெல்லாம் கையில் அஞ்சு விழுந்த பிறகுதான்.

துவைக்கும் இயந்திரங்கள் ஆறு, உலர்த்தும் இயந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் ஒரு வாய். அந்த வாய் ஐந்து என்று பொறித்த காசை மட்டும்தான் தின்னும். ஒற்றைக் காசைப் போட்டால் கடகடவென்று உள்ளே உருண்டு கீழே கிண்ணியில் வந்து விழும். இரண்டு காசு நுழையவே நுழையாது. கட்டுக் கட்டாக நோட்டு வைத்திருக்கிற பெரிய மனிதனும் அந்த வாய்க்கு முன்னால் அழுக்குத் துணியோடு நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தான் வாசல் ஓரத்தில் ஒரு மேசை, மேசையில் ஒரு டப்பா, டப்பாவுக்குப் பின்னால் பட்டாணியின் அம்மா. காலையில் முதலாளி எண்ணிக் கொடுக்கும் அறுபது அஞ்சுகள் டப்பாவில் இருக்கும். வருகிறவர்களின் ஒற்றைகளையும் இரண்டுகளையும் வாங்கிக்கொண்டு அஞ்சாக மாற்றிக் கொடுப்பது, தரையைத் துடைப்பது, வடிகட்டியில் சேரும் பஞ்சை வழித்தெடுப்பது, யாரோ மறந்துபோன காலுறைக்கு ஜோடி தேடுவது. இதுதான் அவள் வேலை.

பட்டாணிக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள் என்று அத்தை வைத்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து சோப்புத்தூள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மேசை ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். அம்மாவின் கை ஈரமாக இருக்கும்போது காசு வாங்குவது அவள்தான். ஒற்றைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணி, “சரியா இருக்கும்மா” என்பாள். ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த வருஷம் மழை வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரமாக எந்த வீட்டுக் கொடியிலும் துணி காயவில்லை. எதிரே நர்ஸுகள் தங்கும் விடுதி, பின்னால் லாரி நிறுத்துமிடம். இரண்டு இடத்துக் கூட்டமும் கடையில்தான். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் டப்பாவில் அடி தெரிய ஆரம்பித்துவிடும். போன அஞ்செல்லாம் இயந்திரங்களின் வயிற்றில் பத்திரமாக இருக்கிறது, சாவி முதலாளியிடம். பாங்கிலும் ஒரு நாளைக்கு அறுபதுக்கு மேல் தர மாட்டேன் என்கிறார்கள்.

அப்படி ஒரு மதியம்தான் லாரி டிரைவர் ஒருவர் ஆறு ஒற்றைகளை மேசையில் வைத்தார்.

“இந்தாக்கா, ஆறா வெச்சுக்கோ. உள்ள எங்கயாவது ஒரு அஞ்சு இருந்தா தேடிக் குடு. நாளைக்குச் சட்டை இல்லாம போனா குடோன்காரன் லோடு ஏத்த மாட்டான்.”

அவள் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தார். மறுநாள் இன்னொருவரிடம் அவள் கேட்டாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. டப்பாவில் பத்துக்குக் கீழே போனால் அஞ்சுக்கு ஆறு என்று அது ஒரு வழக்கமாகிவிட்டது. மிஞ்சிய ஒன்று மேசைக்கு அடியில் பிஸ்கட் டின்னுக்குள் போகும். மனசுக்குள் அதற்குக் கமிஷன் என்று பெயர் வைத்துக்கொண்டாள். பட்டாணிக்கு மழைச் செருப்பு, பாக்கி நின்ற கரண்ட் பில் எல்லாம் அந்த டின்னிலிருந்துதான் வந்தன. முதலாளி டப்பாவைத்தான் எண்ணுவார், அது சரியாக இருக்கும். புருஷன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தெரிந்த ஒரே ஆள் பட்டாணி.

திங்கட்கிழமை டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

“உக்காருங்கம்மா. பதறாதீங்க. காசு கணக்குல ஒரு சோதனை வெச்சேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் வெக்கறதுதான்.”

“சரியா செய்யலையா டீச்சர்?”

“காசு தெரியுது. இது ஒண்ணு, இது ரெண்டு, இது அஞ்சுன்னு டக்கு டக்குனு சொல்றா. ஒரு அஞ்சுக்கு எத்தனை ஒத்தைன்னு கேட்டா ஆறுங்கறா.”

“ஆறா?”

“ஒரு தடவை இல்ல, மூணு தடவை. சரி, பத்து வேணும்னா எத்தனை ஒத்தைன்னேன். பன்னெண்டுங்கறா. எங்கேர்ந்துதான் புடிச்சாளோ! பென்சில் விலை மூணு, உன்கிட்ட இந்த அஞ்சு இருக்கு, குடுத்தா மீதி எவ்வளவுன்னேன். குடுக்க மாட்டேன்னுட்டா.”

“ஏனாம்?”

“அஞ்சை உடைக்கக் கூடாதாம். பென்சிலுக்கு ஒத்தையாத்தான் குடுக்கணுமாம்.” டீச்சர் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் தாளைத் திருப்பினார். “வீட்டுல யாராவது இப்படிச் சொல்லிக்குடுத்தீங்களா?”

“இல்ல டீச்சர்.”

சொல்லிவிட்டாள். வாய் முந்திக்கொண்டது.

“வியாழக்கிழமை வெளியிலேர்ந்து ஒரு அம்மா சோதிக்க வர்றாங்க. ரெண்டாம் வகுப்புக்குப் போகலாமான்னு அவங்க எழுதறதுதான் முடிவு. அங்கயும் இப்படியே சொன்னா தனி வகுப்புதான்.”

“இங்கயேவா?”

“இங்க கிடையாதும்மா. ரெண்டு பஸ் மாறிப் போகணும்.”

“எத்தனை நாளைக்கு டீச்சர்?”

டீச்சர் தாளை மடித்தார். பொய் சொல்ல வராத மனுஷி. “போன பிள்ளைங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.”

உண்மையை அங்கேயே அவிழ்த்துப் போட்டிருக்கலாம். ஆனால் டீச்சர் குடியிருப்பது கடை முதலாளியின் மாடியில். டீச்சருக்குச் சொன்னால் முதலாளிக்குச் சொன்ன மாதிரி. கடை வேலை போனால் புருஷன் சம்பளத்தில் மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது. இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே அவள் கடை வரைக்கும் நடந்தாள். குடையை விரிக்க மறந்துவிட்டாள்.

பட்டாணியின் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கிரீஸ் கையைக் கழுவிவிட்டு, செய்தியைக் கேட்டு, சாப்பிடாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் கவிழ்த்தார். மூலையில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய அக்கா, கேன்டீனுக்கு மூட்டைக் கணக்கில் உரித்துக் கொடுக்கிறவள். அந்த வீட்டில் யார் அழுதாலும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

“பட்டாணி, இங்க வா. இது என்ன?”

“அஞ்சு.”

“இது?”

“ஒண்ணு.”

“சபாஷ். இப்ப அப்பா உனக்கு இந்த அஞ்சைக் குடுக்கறேன். பதிலுக்கு நீ எனக்கு எத்தனை ஒத்தை தரணும்?”

பட்டாணி மேசையை ஒரு சுற்று பார்த்தாள். ஏதோ தேடுகிற மாதிரி இருந்தது.

“ஆறு.”

“காசுல என்ன எழுதியிருக்கு? படி.”

“அஞ்சு.”

“அப்ப எத்தனை?”

“ஆறு.”

“கந்துவட்டிக்காரன் வீட்டுல பொறக்க வேண்டியது, வழி தெரியாம இங்க வந்துடுச்சு” என்றாள் அத்தை.

“நீ சும்மா இரு அக்கா. எனக்கு வயிறு எரியுது.” அவர் பிள்ளையின் பக்கம் குனிந்தார். “கண்ணு, நல்லாக் கேளு. என்னை ஒரே வகுப்புல ரெண்டு வருஷம் உக்கார வெச்சாங்க. கடைசி பெஞ்சு. அதுல இருந்த ஆணி இன்னும் என் முதுகுல குத்துது. உனக்கு அது வேண்டாம். அஞ்சுக்கு அஞ்சு. எங்க, சொல்லு.”

பட்டாணி அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, நீ சொல்லேன். ஆறுதானே?”

அடுப்பில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பாமலே சொன்னாள்.

“அப்பா சொல்றதுதான் சரி.”

“ஆனா நீதானே…”

“ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை. அஞ்சு. சொல்லு!”

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பிள்ளை மேசையில் கிடந்த காசுகளை ஒன்று சேர்த்து அப்பாவின் பக்கம் தள்ளிவிட்டுக் கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவர் கெஞ்சினார், மிரட்டினார், ஒரு தட்டு முறுக்கைக் காட்டிக்கூடப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

அவர் எழுந்து போன பிறகு அத்தை கத்தியைத் துடைத்தபடி கேட்டாள்.

“ஏண்டி, பரீட்சை பிள்ளைக்கா உனக்கா?”

“ஏன் அண்ணி?”

“முட்டை ஓடு சட்டியில கிடக்கு. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லுவாங்க. உன் மடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.”

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள்.

“பட்டாணி, பள்ளிக்கூடத்துல கேட்டா அஞ்சு. கடையில கேட்டா ஆறு. என்ன?”

“ஏன்?”

“அப்படித்தான்.”

“டீச்சர் கடைக்கு வந்தா?”

“வர மாட்டாங்க. அவங்க வீட்டுல மெஷின் இருக்கு.”

“மெஷின் கெட்டுப்போயி வந்தா?”

“குடைக்குள்ள வாடி, நனையறே.”

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வதைவிட வழக்கத்தை விடுவதே சுலபம் என்று பட்டது. இனிமேல் யாரிடமும் ஆறு வாங்குவதில்லை, பட்டாணி கண்ணால் பார்க்கட்டும், பார்த்தால் தானாகத் திருந்திவிடும் என்று தீர்மானித்தாள். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

அன்றைக்குப் பார்த்து மூன்றாம் நம்பர் இயந்திரம் காசை விழுங்கிவிட்டு ஓடமாட்டேன் என்றது. காலையில் மட்டும் வருகிற முதலாளி பிற்பகலில் திருப்புளியோடு வந்து அதன் பின்னால் குந்தியிருந்தார். டப்பாவில் நான்கு அஞ்சுகள் மிச்சம். நர்ஸ் ஒருத்தி பாதி நனைந்தபடி ஓடிவந்தாள்.

“அக்கா, அஞ்சு இருக்கா? ஒண்ணே ஒண்ணு.” வழக்கம்போல் ஆறு ஒற்றைகளை மேசையில் வைத்தாள்.

பட்டாணியின் அம்மா ஓர் அஞ்சை நீட்டினாள். ஆறில் ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

“என்னக்கா, ஒண்ணு திரும்பி வருது? இன்னிக்குத் தள்ளுபடியா?”

“நீங்க கூடுதலாக் குடுத்துட்டீங்கம்மா.”

“நான் கூடுதலாவா? எப்பவும்…” நர்ஸின் பார்வை இயந்திரத்தின் பின்னால் தெரிந்த செருப்புகளின் மேல் விழுந்தது. அவள் கெட்டிக்காரி. “ஆமாக்கா, தூக்கக் கலக்கம், ரெண்டு ஷிஃப்டு சேர்த்துப் பாத்தேன்” என்று காசை எடுத்துக்கொண்டு துணியோடு உள்ளே போய்விட்டாள்.

முதலாளியின் தலை மேலே வந்தது.

“என்ன கூடுதல்?”

“தவறுதலா ஆறு வெச்சுட்டாங்க முதலாளி.”

“நர்ஸம்மாவா? மாத்திரை எண்ணிக் குடுக்கற கையாச்சே.” அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தார். “நீ சொல்லு பட்டாணி. நீதானே இங்க கேஷியர். அம்மா ஒரு அஞ்சுக்கு எத்தனை வாங்கறாங்க?”

உலர்த்தும் இயந்திரத்துக்குள் யாருடைய சட்டைப் பொத்தானோ டக் டக்கென்று மோதிக்கொண்டிருந்தது. அம்மாவின் காதில் அந்தச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. பட்டாணி முதலாளியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள்.

“எனக்கு எண்ணத் தெரியாது” என்றாள்.

முதலாளி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து பட்டாணியின் தலையில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்தார்.

“மாடியில டீச்சர் சொன்னாங்க. மனசைத் தளர விடாதேம்மா. என் பையன் ஏழு வயசு வரைக்கும் இடது செருப்பு எது, வலது செருப்பு எதுன்னு தெரியாம சுத்தினான். இப்ப பாங்குல இருக்கான். நாளையிலேர்ந்து நான் சாயங்காலமும் வர்றேன், மெஷினைத் திறந்து உனக்கு அஞ்சு எடுத்துக் குடுத்துட்டுப் போறேன். மழை நிக்கற வரைக்கும்.”

அவர் போனதும் பட்டாணியின் அம்மாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைக்க முடியாது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி அப்படிச் சொன்னே?”

“எனக்குத்தான் தெரியாதே. நான் சொன்னா தப்பு.”

“தப்புன்னு யாரு சொன்னா?”

“நீதான்.”

அன்றிலிருந்து பட்டாணி எதையும் எண்ணவில்லை. கடையில் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுழலும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசு கொடுத்தால் வாங்கவில்லை. வீட்டில் எத்தனை ரொட்டி வேண்டும் என்று கேட்டால் “தெரியாது.” படி ஏறும்போது ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே ஏறுகிற பிள்ளை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வீம்பா, நிஜமாகவே மறந்துபோயிற்றா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் புருஷனிடம் வாயைத் திறந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நானே சொல்லணும்னு இருந்தேன். நாளைக்கு அரை நாள் லீவு வாங்கிட்டேன். ரெண்டு பேருமாப் போவோம்.” அவர் பிள்ளையின் மழைச் செருப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். “நல்லவேளை, நல்ல செருப்பா வாங்கிப் போட்டே. பிள்ளை நனையாம இருக்கு. அதுலயாவது நாம குறை வெக்கலை. நீ என்ன சொல்ல வந்தே?”

“ஒண்ணுமில்லை. நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்குங்கன்னு.”

வியாழக்கிழமை சோதிக்க வந்த அம்மாள் ஒல்லியாக, சளி பிடித்து, கையில் கசங்கிய கைக்குட்டையோடு இருந்தார். அது ஒன்றாம் வகுப்பு அறை. ஈரக் குடைகளெல்லாம் மூலையில் சாய்ந்து நின்றன. டீச்சர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பெற்றவர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. அப்பாவின் முழங்கால் மார்பில் இடித்தது.

“நீங்க இருக்கலாம். ஆனா வாயைத் திறக்கக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது” என்றார் அந்த அம்மாள். பிறகு காசுகளை எடுத்து மேசையில் பரப்பினார். ஒற்றைகள் நிறைய, இரண்டுகள் நான்கு, அஞ்சு ஒன்று.

“இது என்ன காசு, கண்ணு?”

பட்டாணி கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“சரி, இது? இதை அம்மா கடையில பாத்திருப்பியே.”

“எனக்கு எண்ணத் தெரியாது.”

“எண்ண வேண்டாம்மா, பேரு மட்டும் சொல்லு.”

“தெரியாது.”

அந்த அம்மாள் மூக்கைத் துடைத்தார், தாளில் எதையோ எழுதினார். அடுத்த கேள்வி. தெரியாது. அதற்கடுத்ததும் தெரியாது. பேனா தாளில் கீறும் சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. மூன்று, நான்கு, ஐந்து கோடுகள். பட்டாணியின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஆறாவது கோடு விழப்போகும்போது அம்மா எழுந்துவிட்டாள். பெஞ்சு கிரீச்சென்றது.

“நிறுத்துங்கம்மா.”

“உங்களைப் பேசக் கூடாதுன்னு சொன்னேனே?”

“அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். நான்தான் அவ வாயை அடைச்சேன். அன்னிக்கு அவ ஆறுன்னு சொன்னது தப்பு இல்லை. கடையில நான் ஆறு வாங்கறேன். முதலாளி அஞ்சுக்குத்தான் மாத்தச் சொல்லியிருக்கார். நான் ஆறு வாங்கி ஒண்ணை எடுத்துக்கறேன்.”

டீச்சர் திரும்பினார். கணவர் கண்ணைத் திறந்தது பார்க்காமலே தெரிந்தது. அவள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

“எடுத்துக்கறது மட்டும் இல்லை. பிள்ளை சரியாச் சொன்னதைத் தப்புன்னு சொன்னேன். எனக்கு வேலை போயிடும்னு.”

சோதிக்க வந்த அம்மாளுக்குப் பழக்கமில்லாத இடம் இது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “உக்காருங்க” என்றார். அதட்டலாக இல்லை. பட்டாணியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மா சொன்னாங்க பாரு, நீ சொன்னது தப்பு இல்லையாம். இப்ப எனக்குக் கடைக் கணக்கு சொல்லித் தர்றியா? எப்பவுமே ஆறா?”

பட்டாணி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டக் கூடாதுதான்.

“எப்பவும் இல்லை” என்றாள் பட்டாணி. மூன்று நாளாகப் பூட்டிக்கிடந்த குரல், முதலில் கரகரத்தது. “டப்பாவுல நிறைய இருந்தா அஞ்சு. பத்துக்குக் கீழ போனா ஆறு.”

“அப்ப அன்னிக்கு டீச்சர் கேட்டப்ப ஏன் ஆறுன்னு சொன்னே?”

“டீச்சர்கிட்ட ஒரே ஒரு அஞ்சுதானே இருந்துச்சு.”

அந்த அம்மாள் மேசையைப் பார்த்தார். அங்கேயும் அஞ்சு ஒன்றுதான் இருந்தது. கைப்பையை மடியில் வைத்துத் துழாவி, உறை ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த அஞ்சுகளையெல்லாம் கொட்டினார். பட்டாணியின் விரல் தானாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று.

“பதினாலு.”

“பதினாலு இருக்கு. இப்ப ஒரு அஞ்சு வேணும்னா எத்தனை ஒத்தை?”

“அஞ்சு.”

“ரெண்டு அஞ்சு வேணும்னா?”

“பத்து.”

ஜன்னல் பக்கமிருந்து டீச்சர் “அடக் கடவுளே” என்றார், மெதுவாக.

“இதையெல்லாம் எடுத்துடறேன். இப்ப ஒண்ணுதான் இருக்கு.”

“ஆறு. டிரைவர்னா ஏழு.”

அந்த ஏழு நடந்தது நாலைந்து தடவைதான், மழை வலுத்த அந்த வாரத்தில். அம்மா அதை மறந்திருந்தாள். மறக்க வேண்டும் என்று மறந்திருந்தாள். சற்றுமுன் சொன்னபோதுகூட அது வாயில் வரவில்லை.

“ஏழா?” என்றார் பட்டாணியின் அப்பா. பேசக் கூடாது என்பது அவருக்கு நினைவில்லை.

“டிரைவருங்களுக்கு அவசரம்ப்பா. காத்திருக்க மாட்டாங்க” என்று பட்டாணி விளக்கினாள்.

“ஏழு வாங்கினா அதை எங்க போடுவீங்க?” என்றார் அந்த அம்மாள்.

“அஞ்சு டப்பாவுல. ரெண்டு டின்னுல.”

“அந்த ரெண்டு யாருது?”

இந்தக் கேள்விக்குத்தான் பட்டாணி யோசித்தாள். நெற்றி சுருங்கியது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணக்கு போடும்போது அவள் யாரையும் பார்ப்பதில்லை.

“டிரைவரோடது” என்றாள். “அவருக்கு ரெண்டு திருப்பித் தரணும். நர்ஸக்காவுக்கு ஒண்ணு.” பிறகு கவலையோடு சொன்னாள்: “ஆனா அவங்கல்லாம் துணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே.”

அந்த அம்மாள் போட்ட கோடுகளையெல்லாம் அடித்தார். அடித்த இடம் பிடிக்காமல் தாளையே மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார். அதில் எழுத அதிக நேரம் ஆகவில்லை. “கையெழுத்துப் போடுங்க. ரெண்டாம் வகுப்புக்குப் போகலாம்” என்றார். அப்பாதான் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

வெளியே நடையில் டீச்சர் பின்னாலேயே வந்தார்.

“என் மேல கோவமா இருக்காதீங்க. முதலாளிகிட்ட நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டார்னா எனக்குப் பொய் வராது.”

“கேக்கற வரைக்கும் வெக்க மாட்டேன் டீச்சர். இப்ப நேரா அங்கதான் போறேன். எனக்குப் பதிலா இன்னிக்கு அவர்தான் கடையில இருக்கார்.”

டீச்சர் உள்ளே போய்விட்டார். மழை கூரைக் குழாயிலிருந்து கொட்டியது. பட்டாணியின் அப்பா பிள்ளையின் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்ல வந்தேன். நீங்க செருப்பைக் கழுவிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் பிள்ளையின் காலைப் பார்த்தார். புரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமும் இல்லை அங்கே.

“நானும் வரேன் கடைக்கு.”

“வேண்டாங்க. பிள்ளை காலையிலேர்ந்து சாப்பிடலை. கூட்டிட்டுப் போங்க.”

கடையில் ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ சில்லறை மாற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“என்னம்மா ஆச்சு? என்ன சொன்னாங்க?”

“பாஸ் முதலாளி. இங்கயே படிக்கலாம்னுட்டாங்க.”

“நான் சொல்லலை?” மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையிலிருந்த சாவிக் கொத்தைக் குலுக்கினார். “மத்தியானத்திலேர்ந்து எனக்கு இங்க வேலையே ஓடலை. எங்க பட்டாணி? வீட்டுக்குப் போயிடுச்சா? இரு, இரு.” சட்டைப்பையில் துழாவி ஓர் அஞ்சை எடுத்து நீட்டினார். “இது மெஷினுக்கு இல்லை, பிள்ளைக்கு. முட்டாய் வாங்கித் தின்னச் சொல்லு.”

அவள் கையை நீட்டவில்லை. வாசலில் யாரோ மூட்டையோடு வந்து நின்று “அக்கா, அஞ்சு இருக்கா?” என்றார்கள். “கொஞ்சம் இருங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து பிஸ்கட் டின்னை வெளியே எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தாள்.

“அந்தக் காசை உள்ள வெச்சுக்குங்க முதலாளி” என்றாள். “முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.”